சாமத்திய வீட்டுக்குப் போன புரதம்

ரொறொன்ரோவில் தமிழருக்குச் சனிக்கிழமை என்று ஒரு நாள் தனக்கெனக் கிடையாது. அது சொந்தக்காரருக்கு எழுதிக்கொடுத்த நாள். கலியாணம், சாமத்திய வீடு, புதுவீடு குடிபூரல், அறுபதாம் பிறந்தநாள், ஒன்றுமே இல்லையென்றால் யாரோ ஒருவர் கனடா வந்து கனகாலம் ஆனதற்கு ஒரு கேக் வெட்டு. அழைப்பு வந்தால் போகத்தான் வேண்டும். காய்ச்சல் என்றால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வா என்பார்கள். கால் முறிந்துவிட்டது என்றால் மண்டபத்தில் சக்கர நாற்காலி இருக்கிறது என்பார்கள். "ஆய்வுகூடத்துக்கு ஒரு புரதம் வருகிறது, அதனால் வர முடியாது" என்ற காரணத்தை இந்த நகரத்தில் முதன்முதலாகச் சொன்னவள் நானாகத்தான் இருப்பேன். அது எடுபடவில்லை.

அப்போது நான் நகர மத்தியில் ஒரு பல்கலைக்கழகத்தில் கல உயிரியலில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டிருந்தேன், படித்துக்கொண்டிருந்தேன், படித்துக்கொண்டே இருந்தேன். (இதை எங்கள் சனம் எப்படிச் சொல்லும் என்று உங்களுக்குத் தெரியும்: "பிள்ளை டொக்டருக்குப் படிக்குது, ஆனா ஊசி போடுற டொக்டர் இல்லையாம்.") என் பேராசிரியை ஹெலன் சிரிப்பைச் செலவழிக்காமல் வாழ்ந்தவர். அவர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, வரும் புதன்கிழமை என் ஆய்வை மதிப்பிடும் குழுவின் முன்னால் நான் ஒரே ஒரு சோதனையையாவது வெற்றியாகக் காட்ட வேண்டும், இல்லையென்றால் முனைவர் பட்டம் இல்லாமல் வெறும் முதுமாணிப் பட்டத்தோடு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். இத்தனை வருடமும் எரித்து, பாதி வழியில் இறங்கிப் போவதற்கு எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சோதனை முழுக்க முழுக்க ஒரு புரதத்தை நம்பியிருந்தது.

அது மனித இதயக் கலத்தை, அதாவது செல்லை, சுற்றியிருக்கும் மென்சவ்வில் பதிந்திருக்கும் புரதம். வாசற்காவலாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் பயந்தாலோ கோபப்பட்டாலோ உடம்பில் அட்ரினலின் ஊறுகிறது. அது வந்து இந்தக் காவலாளியைத் தொட்டதும் உள்ளே செய்தி போய், நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்குகிறது. யாருடைய இதயத்திலிருந்தும் இதை வெட்டி எடுப்பதில்லை. மனித மரபணுவில் உள்ள செய்முறையை எடுத்து வளர்ப்புக் கலங்களுக்குள் புகுத்திவிட்டால், அவை என்ன ஏது என்று கேட்காமல் செய்து தரும். மீள்சேர்க்கைப் புரதம் என்று இதற்குப் பெயர். செய்வதைவிடப் பெரிய கஷ்டம் பராமரிப்பது. மென்சவ்வை விட்டு வெளியே வந்தால் இதற்கு வாழத் தெரியாது. சவர்க்காரம் போன்ற ஒன்றால் போர்த்தி, உறையவைத்து, உலர்பனிக்குள் புதைத்து அனுப்புவார்கள். உலர்பனி என்பது தண்ணீராக உருகாமல் வெள்ளைப் புகையாகப் போகிற ஐஸ். லண்டனிலிருந்து வந்த மாப்பிள்ளைக்குக்கூட இந்த உபசாரம் நடந்து நான் பார்த்ததில்லை.

அந்த மாப்பிள்ளை சுங்கத்தில் மாட்டிக்கொண்டார். நீண்ட வாரவிடுமுறைச் சனிக்கிழமை காலை, நான் மோர்னிங்சைட்டில் அக்கா வீட்டில் பட்டுச்சேலை உடுத்து, தலையில் பூவும் வைத்துக்கொண்டு நிற்கும்போது, மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள பொதிக் கிடங்கிலிருந்து தொலைபேசி வந்தது. பெட்டி விடுபட்டுவிட்டதாம். நண்பகலோடு பூட்டுகிறார்களாம். இனிச் செவ்வாய்க்கிழமைதானாம். செவ்வாய் வரை விட்டால் உலர்பனி காற்றாகிப் போய்ப் பெட்டிக்குள் வெதுவெதுப்பான ஒரு சோகம் மட்டும் மிஞ்சும். ஹெலனுக்கு அறிவித்தேன். "எடுத்துக்கொண்டு நேராக ஆய்வுகூடத்துக்கு வா" என்றார். "சரி" என்றேன். சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னேன்.

அக்கா கேட்டுக்கொண்டு நின்றாள்.

"எடியே, மிசிசாகாவுக்கோ? இண்டைக்கோ? உனக்கென்ன விசரே?"

"பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடி வாறன் அக்கா."

"உந்தப் பெட்டிக்குள்ள அப்பிடி என்ன கிடக்கு?"

"ஒரு புரதம்."

"புரதமெண்டா பருப்பு, முட்டை. கடையில விக்குது. நீ சித்தி. நீதான் பிள்ளையைக் கூட்டிவந்து பல்லக்கில ஏத்தவேணும். அவள் வேற ஒருத்தரையும் கிட்ட அடுக்கமாட்டன் எண்டு நிக்கிறாள்."

பிள்ளை என்பது அக்காவின் மகள் ஆரணி. அன்றைக்கு அவளுக்குத்தான் சாமத்திய வீடு. (அழைப்பிதழில் பூப்புனித நீராட்டு விழா என்று தங்க எழுத்தில் போட்டிருந்தார்கள். ஆரணி அந்த அழைப்பிதழைக் கண்ட இடமெல்லாம் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.)

மிசிசாகாவில் பெட்டியை வாங்கிக்கொண்டு திரும்பினேன். உலர்பனியோடு காரில் போகும்போது கண்ணாடிகளைத் திறந்து வைக்க வேண்டும், இல்லையென்றால் வாயு நிறைந்து மூச்சு முட்டும். இது எனக்கு நன்றாகத் தெரியும், நான் படித்தவள். ஆகவே நாலு கண்ணாடியும் திறந்தபடி, பட்டுச்சேலை பறக்க, பூ பின் இருக்கையில் உதிர, நெடுஞ்சாலையில் வந்தேன். பக்கத்துக் காரிலிருந்த ஒரு சிறுமி எனக்குக் கைகாட்டினாள். ஒரு கட்டத்தில் தெற்கே இறங்கினால் ஆய்வுகூடம், நேரே போனால் மார்க்கம், யூனியன்வில்லுக்குப் பக்கத்தில் மண்டபம். பெட்டியில் உலர்பனி நிறைய இருந்தது, பின்னேரம் வரை தாராளமாகத் தாங்கும். முகூர்த்தமோ தாங்காது. நேரே போனேன். இரண்டையும் ஒருத்தியால் செய்ய முடியாது என்று யார் சொன்னது என்று எனக்கு ஒரு வீறாப்பு.

மண்டப வாசலில் சிவபாதம் மாமா நின்றார். அக்காவின் மாமனார், ஊரில் தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். பட்டு வேட்டி, பொக்கற் வைத்த வெள்ளைச் சட்டை. என்னை எங்கே கண்டாலும் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் இருக்கும்.

"என்ன பிள்ளை, படிப்பு இன்னும் முடியேல்லையோ? இண்டைக்குச் சாமத்தியப்பட்ட பிள்ளை உனக்கு முதல் கம்பஸ் முடிச்சிடுவாள் போல கிடக்கு."

கையில் பெட்டி இல்லாவிட்டால் ஏதாவது சொல்லியிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போய், மேடைக்குப் பின்னால் ஒரு மேசைக்குக் கீழே பெட்டியை வைத்தேன். அங்கே மேடை அலங்காரம் செய்யும் ரூபன் அண்ணை தலையில் கை வைத்தபடி குந்தியிருந்தார்.

"நாசமாப் போச்சு பிள்ளை. புகைக்குப் போடுற ஐஸை நேற்றே வாங்கி வீட்டு ஃபிரீசருக்குள்ள பத்திரமா வைச்சனான். காலமை பாத்தா வெறும் பெட்டி. ஆரோ களவெடுத்துப் போட்டாங்கள். மச்சான்காரன்தான் நேற்று வந்து நிண்டவன்."

எங்கள் விழாக்களில் பிள்ளை பல்லக்கில் வரும்போது நிலத்தோடு வெள்ளைப் புகை தவழ வேண்டும். அது இல்லாவிட்டால் வந்தவர்கள் ஒரு மாதத்துக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நான் ரூபன் அண்ணைக்கு ஒரு விரிவுரையே நடத்தினேன். உலர்பனி வீட்டு ஃபிரீசரின் குளிருக்கெல்லாம் அடங்காது, இரவோடு இரவாகக் காற்றாகிப் போய்விடும், மச்சான் பாவம், விஞ்ஞானம் தெரியாமல் ஆளைச் சந்தேகப்படக் கூடாது. அவர் மிகவும் பொறுமையாகக் கேட்டார். கேட்டபடி அவருடைய கண் மேசைக்குக் கீழே போயிற்று.

"பிள்ளை, உந்தப் பெட்டியில என்ன எழுதியிருக்கு?"

விரிவுரை அந்த இடத்தில் முடிந்தது. முடியாது என்றேன். உது என் வாழ்க்கை அண்ணை என்றேன். அவர் எழும்பிப் போய், புகை இல்லை என்று ஆரணிக்கு ஆள் அனுப்பினார்.

நான் போனபோது உடுப்பு மாற்றும் அறையில் ஆரணி இருந்தாள். தலையிலிருந்து கால்வரை நகை. கண்மை கரைவதற்குத் தயாராக நின்றது.

"சித்தி, ஸ்மோக் இல்லையாம். அப்ப நான் வரமாட்டன். சீரியஸ்லி."

"ஏன் குஞ்சு? புகையிலென்ன கிடக்கு?"

"எல்லாரும் என்னையே பாப்பினம். ஏன் பாக்கினம் எண்டு எனக்கும் தெரியும், அவைக்கும் தெரியும். இட்ஸ் ஸோ எம்பரசிங். புகை இருந்தா எனக்கு அவையின்ர முகம் தெரியாது. அம்மாட்ட நான் கேட்டது அது ஒண்டுதான்."

எனக்கு அந்த வயதில் நடந்த சடங்கில் புகை இல்லை. ஒரு மாடிக்கட்டடத்தின் கீழ்த்தள அறையில், குழல் விளக்கு வெளிச்சத்தில், அப்பாவோடு வேலை செய்தவர்களெல்லாம் வரிசையாக இருந்து பார்க்க, நடந்து போனேன். பொக்கற்றில் கையை விட்டுக்கொண்டு பார்த்த ஓர் அங்கிளின் முகம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். ஆரணி கேட்டது புகை மட்டும்தான். அதைத் தயாரிக்கும் பொருள் முழு மண்டபத்திலும் என் ஒருத்தியிடம்தான் இருந்தது.

"நீ பல்லக்கில ஏறு" என்றேன்.

சமையலறையில் தடித்த கையுறை வாங்கிவந்து, உலர்பனியில் பாதியை அள்ளி ரூபன் அண்ணையின் சுடுதண்ணீர்த் தொட்டியில் போட்டேன். மற்றப் பாதி புரதத்துக்கு. கணக்கு அவ்வளவு துல்லியம். கதவு திறந்தது, நாதஸ்வரம் முழங்கியது, புகை விரிந்து தவழ, அதன் மேல் பல்லக்கு மிதந்து வந்தது. நாலு மைத்துனன்மார் தோளில் காவினார்கள். சனம் கைதட்டியது. நான் விஞ்ஞானத்தின் பெருமையை எண்ணி நெஞ்சு விம்மி நின்றேன்.

நான் கணக்கில் எடுக்காதது மண்டபத்தின் நீளம். பல்லக்கு நடுவழிக்கு வந்தபோது புகை கலைந்துவிட்டது. பளிச்சென்ற வெளிச்சத்தில், எல்லா முகங்களுக்கும் நடுவில், ஆரணி "ஸ்டொப்" என்று கத்தினாள். மைத்துனன்மார் நின்றுவிட்டார்கள். அவள் பல்லக்கில் இருந்தபடி என்னைத் தேடி, என் கண்ணைப் பிடித்துக்கொண்டாள்.

இனி நான் செய்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். பெட்டியைத் திறந்தேன். சுண்டுவிரல் அளவு பிளாஸ்டிக் குழாயை எடுத்து, பக்கத்து மேசையில் குளிர்பானத்துக்கு வைத்திருந்த ஐஸ் வாளிக்குள் செருகினேன். மிச்ச உலர்பனி முழுவதையும் தொட்டிக்குள் கொட்டினேன். சாதாரண ஐஸில் புரதம் சில மணி நேரம் தாங்கும், ஆனால் உருகிவிடும், உருகினால் திரும்ப உறையவைக்க முடியாது, அன்றைக்கே சோதனையைச் செய்தாக வேண்டும். எல்லாம் தெரிந்துதான் செய்தேன். (தெரியாமல் செய்துவிட்டேன் என்று பிறகு சொல்லியிருந்தால் பலர் மன்னித்திருப்பார்கள். தெரியாமல் செய்ய நான் என்ன ரூபன் அண்ணையா?)

அந்த இரண்டாவது புகை இருக்கிறதே! மேடை மறைந்தது. ஐயர் மறைந்தார். ஆரத்தி எடுக்க வந்த மாமிமார் இருவர் பிள்ளை என்று நினைத்து ஒரு பூச்சாடிக்கு முழுச் சுற்றும் சுற்றிப் பொட்டும் வைத்துவிட்டார்கள். வீடியோக்காரர் "ஒண்டும் தெரியேல்லை, ஒண்டும் தெரியேல்லை" என்று கத்தினார். புகைக்குள்ளிருந்து ஆரணி சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அன்று முழுவதும் அவள் சிரித்தது அப்போதுதான்.

பிறகு நான் மேடையில் அகப்பட்டுக்கொண்டேன். தட்டுப் பிடி, மாலை பிடி, படத்துக்கு நில், இந்தக் குடும்பத்தோடு நில், அந்தக் குடும்பத்தோடு நில். ஒருவாறு கழன்று பின்னால் ஓடினால் மேசை இருந்தது, வாளி இல்லை.

பரிமாறும் பெடியன் ஒருவன் சொன்னான்: "ஐஸ் வாளியோ அக்கா? மேசை மேசையா எல்லாருக்கும் பிரிச்சு வைச்சாச்சு."

பட்டுச்சேலையின் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மேசை மேசையாகப் போனேன். ஒவ்வொரு வாளிக்குள்ளும் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினேன். முதல் மேசையில் ஓர் அன்ரி கேட்டார்:

"பிள்ளை, கை கழுவினனீரோ?"

அடுத்த மேசையில் ஓர் அங்கிள் குனிந்து பார்த்தார்.

"என்ன பிள்ளை தேடுறீர்? மோதிரமே?"

"புரதம் அங்கிள்."

"மச்சம் மாமிசம் ஒண்டுமில்லைப் பிள்ளை, இண்டைக்குச் சைவம்."

மண்டபத்தின் பாதியை முடித்திருப்பேன், அறிவிப்பாளரின் கணீர்க் குரல் கேட்டது: "அன்பான உறவுகளே! யாரோ ஒருவர் தமது நீரிழிவு மருந்தைக் குளிர்பான வாளிக்குள் தவறவிட்டுள்ளார். உரியவர் மேடைக்கு அருகில் வந்து பெற்றுக்கொள்ளவும்."

எங்கள் சனத்துக்கு இப்படி ஓர் அறிவிப்புச் செய்யலாமா? மண்டபத்தில் பாதிப் பேருக்கு நீரிழிவு. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பொக்கற்றையும் கைப்பையையும் தடவினார்கள். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் மேடைக்கு அருகில் வரிசை நின்றது. வரிசையின் முன்னால் ஓர் அன்ரி, "என்ரதான் அது, தாங்கோ, சாப்பாட்டுக்கு முதல் போடவேணும்" என்று கையை நீட்டிக்கொண்டிருந்தார். என் இதயத்தில் இருந்த காவலாளிகள் அத்தனை பேரும் கதவைத் திறந்துவிட்டார்கள். கதிரைகளைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். ஓடிக்கொண்டே கத்தினேன்.

"குடுக்காதேங்கோ! தொடாதேங்கோ! அது மனிசற்ற இதயம்!"

மைக் திறந்திருந்தது. நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்தினார். வரிசை இரண்டடி பின்னால் போயிற்று. வீடியோக்காரர், புகையில் விட்டதையெல்லாம் பிடிக்கிற மாதிரி, என் முகத்துக்கு நேரே வந்து நின்றார்.

அந்த வரிசையைக் கட்டுப்படுத்திக்கொண்டு நின்றவர் சிவபாதம் மாமா. பொதி கொடுக்கும் தபாலதிபரின் தோரணை கொஞ்சமும் குறையவில்லை. அன்ரிக்கும் கொடுக்கவில்லை, எனக்கும் உடனே தரவில்லை.

"அடையாளம் சொல்லு பிள்ளை."

"மஞ்சள் மூடி மாமா. உள்ளுக்குத் தண்ணி மாதிரி ஒரு துளி. அது போனா என்ர படிப்புப் போச்சு."

அழுகிறேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அவர் சட்டைப் பொக்கற்றுக்குள் இரண்டு விரலை விட்டு, குழாயை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். இளஞ்சூடாக இருந்தது.

"எவ்வளவு நேரமா இது உங்கட பொக்கற்றில இருக்கு?"

"புகை அடங்கின கையோட என்ர கிளாசுக்குள்ள விழுந்தது. ஒரு மணித்தியாலம் வரும், சடங்கு முடியட்டும் எண்டு அறிவிக்கேல்லை. ஆரின்ரயோ இன்சுலின் மருந்து, ஐஸுக்க கிடந்து விறைச்சுப் பழுதாப் போகுமெண்டு நெஞ்சோட வைச்சிருந்தனான். ஏன் பிள்ளை, பிழையே?"

நான் கதிரையில் இருந்துவிட்டேன். அவர் பக்கத்தில் இருந்தார். இது என்னவென்று கேட்டார், சொன்னேன். ஆருடைய இதயம் என்று கேட்டார், ஒருத்தருடையதும் இல்லை, ஆய்வுகூடத்தில் செய்தது என்றேன். 

"மனிசற்ற சாமானெண்டா மனிசற்ற சூடு அதுக்கு என்ன செய்யும்? எங்கட உடம்புக்குள்ள இருக்கிறது ஐஸுக்குள்ளயே இருக்கு?"

  மென்சவ்வு, சவர்க்காரப் போர்வை என்று சொல்லலாம்தான். ஆனால் அந்த நிமிடம் நான் பிடிப்பதற்கு இருந்த ஒரே கொம்பு அதுதான், நான் பிடித்தேன். சோதனையைச் செய்து பார்க்காமல் இதை எறிவதில்லை என்று எழும்பினேன். எழும்பிய அவசரத்தில் கார்த் திறப்புக் கொத்து விழுந்தது. மாமா அதை எடுத்துத் தந்துவிட்டு, பக்கத்து மேசையிலிருந்து ஒரு வாளியைத் தூக்கினார்.

"நீ காரை ஓடு. நான் இதைப் பிடிச்சுக்கொண்டு வாறன்."

அக்கா ஓடிவந்தாள். "மாமா, இன்னும் சாப்பாடு போடேல்லை!" அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. தமிழ் விழாவில் சாப்பாட்டுக்கு முன் எழுந்து போன ஒரு பெரியவரை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

விடுமுறை நாளிலும் ஹெலன் ஆய்வுகூடத்தில் இருந்தார். கதவு திறந்தபோது அவர் கண்டது இதுதான்: வாடின பூவும் முழங்கைவரை நனைந்த பட்டு ரவிக்கையுமாக நான். பின்னால் பட்டு வேட்டியில், வெள்ளி வாளியை இரண்டு கையாலும் ஏந்தியபடி ஒரு பெரியவர். பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது.

"பெட்டி எங்கே?"

"பெட்டி இல்லை. இவர் இருக்கிறார்."

எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றையும் மறைக்கவில்லை. பொக்கற் கதை வந்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடியே சொன்னார்: "அதை எறிந்துவிடு. நான் உன்னை நேராக வரச்சொன்னேன். நீ அதை ஒரு விருந்துக்குக் கொண்டுபோயிருக்கிறாய். ஒரு மன்னிப்பாவது கேட்டிருக்கலாம்."

எனக்குள் ஏதோ அறுந்தது. "அது விருந்து இல்லை. நான் போயிராவிட்டால் ஒரு பிள்ளை அந்த மண்டபத்தின் நடுவில் அழுதிருக்கும். இன்று காலை நீங்களோ இங்கே வேறு யாருமோ மிசிசாகாவுக்குப் போகவில்லை, சேலையோடு நான் போனேன். புரதம் என் கையில் இருக்கிறது. எறியமாட்டேன், மன்னிப்பும் கேட்கமாட்டேன். சோதனையைச் செய்யப்போகிறேன்."

 நான் வளையல்களைக் கழற்றி மாமாவின் வாளிக்குள் போட்டுவிட்டு, சேலைக்கு மேலே வெள்ளை அங்கியை மாட்டினேன். சோதனை எளிமையானது. ஒளிரும் மருந்தொன்றைக் கலந்து இயந்திரத்துக்குள் வைக்க வேண்டும். புரதம் உயிரோடு இருந்தால் மருந்தைப் பிடித்துக்கொள்ளும், திரையில் கோடு எழும்பும். செத்திருந்தால் கோடு தரையோடு கிடக்கும். மாமா வெளியே நடைபாதையில் இருந்து கண்ணாடிக்குள்ளால் எட்டி எட்டிப் பார்த்தார். கோடு கிடந்தது. கிடந்தது. பிறகு மெல்லத் தலையைத் தூக்கியது. எதிர்பார்த்த உயரத்தில் பாதிதான்.

"பாதி செத்துவிட்டது" என்றார் ஹெலன்.

"பாதி உயிரோடு இருக்கிறது" என்றேன்.

அந்தப் பாதிக் கோட்டைத்தான் புதன்கிழமை குழுவுக்குக் கொண்டுபோனேன். ஏன் பாதி என்று கேட்டார்கள். மண்டபம், பல்லக்கு, மாமா, எல்லாவற்றையும் அதே வரிசையில் சொன்னேன். ஒருவர் இருமினார். ஒருவர் என்ன நிறச் சேலை என்று கேட்டார். (மாம்பழ மஞ்சள்.) கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார்கள்: புதிய குழாய் ஒன்று வரவேண்டும், அதை என் கை படாமல் ஹெலனே ஏற்று, ஹெலனே சோதிக்க வேண்டும். கோடு முழு உயரத்துக்கு வந்தால் தவறு என்னுடையது, நான் போக வேண்டும்.

புதிய குழாய் வந்தது. பெட்டியிலிருந்து குளிர்ப்பேழைக்கு, பேழையிலிருந்து ஐஸுக்கு, ஐஸிலிருந்து இயந்திரத்துக்கு, சாமிக்கு நைவேத்தியம் கொண்டுபோகிற மாதிரி ஹெலன் கொண்டுபோனார். நான் கதவோரமாக நின்றேன். கோடு என்னுடையதன் பாதிக்குக்கூட வரவில்லை. அவர் திரும்பச் செய்தார், இன்னும் குறைவு. பிறகு என் பக்கம் திரும்பாமல் கேட்டார்: "அந்தப் பெரியவரின் பொக்கற்றில் எவ்வளவு நேரம் இருந்தது?"

ஒரு மணித்தியாலம் உடல் சூட்டில் வைத்துப் பார்த்தார். கோடு எழும்பி என் கோட்டின் உயரத்துக்கு வந்து நின்றது. அந்தப் புரதம் ஐஸிலிருந்து நேரே எடுத்தால் விறைத்துப்போய் வேலை செய்யாது, கொஞ்ச நேரம் சூட்டில் இருந்து தன்னைத் தளர்த்திக்கொள்ள வேண்டும் என்று பிறகு ஆறுதலாகக் கண்டுபிடித்தோம். நாங்கள் எதிர்பார்த்த கணக்குத்தான் பிழை, அந்தப் பாதி உயரம்தான் அதன் முழு உயரம். நான் போகவில்லை. பட்டம் கிடைத்தது. அந்த ஆய்வுகூடத்தில் இன்றைக்கும் சூட்டில் வைக்கும் அந்தப் படிமுறைக்கு "மாமா" என்றுதான் பெயர். எந்தெந்த நாட்டுப் பிள்ளைகளோ வந்து, "மாமா செய்தாயா?" என்று ஒருவரையொருவர் ஆங்கிலத்தில் கேட்டுக்கொள்கிறார்கள். ஹெலன் நான் மன்னிப்புக் கேட்பேன் என்று இன்னும் காத்திருக்கிறார் என்று கேள்வி. காத்திருக்கட்டும்.

வீட்டில் கதை வேறு வழியில் போயிற்று. குளிர்காலத்தில் தயிர் உறையாவிட்டால், "கொண்டுபோய் மாமாவின்ர பொக்கற்றில வை" என்பாள் அக்கா. ஆரணி இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள். சாமத்திய வீட்டு வீடியோவில் தன்னைப் பார்க்கமாட்டாள், நான் மைக்கில் கத்துகிற இடத்தை மட்டும் சிநேகிதிகளுக்குப் போட்டுக் காட்டுகிறாள்.

போன வருடம் மாமாவுக்கு நெஞ்சு கண்டபடி அடிக்கத் தொடங்கி வைத்தியசாலையில் படுக்கவைத்து மறித்துவிட்டார்கள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. மண்டப வாசலில் நின்று கேள்வி கேட்கிற இந்த மனிதர் இல்லாத ஒரு சனிக்கிழமையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இளம் வைத்தியர் ஒருவர், எங்கள் பிள்ளைதான், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று புது மாத்திரையை விளங்கப்படுத்தினார். "அங்கிள், உங்கட இதயக் கலத்தின்ர மேல ஒரு புரதம் இருக்கு. அட்ரினலின் வந்து அதைத் தொட்டாத்தான் இதயம் இப்பிடி அடிக்கும். இந்தக் குளிசை போய் அந்தப் புரதத்தைப் பொத்திப் பிடிச்சிடும். விளங்குதே?"

மாமா ஒட்சிசன் குழாயை மூக்கிலிருந்து கொஞ்சம் விலக்கினார்.

"உவரை எனக்கு நல்லாத் தெரியும் தம்பி. ஒரு சாமத்திய வீட்டில ரெண்டு பேரும் ஒண்டாத்தான் இருந்தனாங்கள்."